புளி போட்டுத் தேய்த்த லென்ஸ்

என் மேசை மேல் மூன்று வருடங்களாக ஒரு பித்தளைக் குழாய் நிற்கிறது. ஏறக்குறைய ஒரு சாண் நீளம். கையில் எடுத்தால் தண்ணீர் நிரப்பிய சொம்பு மாதிரி கனம். பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் உள்குழாய் பல்சட்டத்தில் மெதுவாக ஏறி இறங்கும். முன்னும் பின்னும் கண்ணாடி. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், உடைந்த டைப்ரைட்டர் ஒன்றுக்கும் மின்விசிறி இறக்கைகளுக்கும் நடுவே படுதாவில் கிடந்தது. "கப்பல் பைனாகுலர் சார், வெள்ளைக்காரன் காலத்து ஐட்டம்" என்றார் விற்றவர். பைனாகுலர் என்றால் இரண்டு குழாய் இருக்க வேண்டுமே என்றேன். "இன்னொண்ணு போன வாரமே போயிடுச்சு சார்" என்றார் கொஞ்சமும் யோசிக்காமல். அந்தப் பதில் பிடித்துப்போனதால் அதிகம் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பழைய கேமரா லென்ஸ் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. யார் செய்தது, எப்போது, எதற்காக என்பதெல்லாம் வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நிதானத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அது கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம். சனிக்கிழமை வேலைக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினால், மொட்டை மாடியில் குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, பஞ்சபாத்திரம் எல்லாம் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வரிசையின் கடைசியில் என் லென்ஸ். "கன்னங்கரேல்னு கெடந்துது, விளக்கோட சேர்த்துப் புளி போட்டுத் தேய்ச்சுட்டேன், எப்படி மின்னுது பாரு" என்றார் அம்மா. மின்னியது. நேற்று வரை அடர்ந்த தேன் நிறத்தில், இடையிடையே கறுப்பேறி இருந்த பித்தளை, இப்போது பாத்திரக்கடை ஜன்னலில் வைக்கலாம் போல இருந்தது. அந்தக் கால லென்ஸ்களின் பித்தளை மேல் அரக்கு கலந்த மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். பொன்னிறம் தருவது அதுதான். நூறு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்த பூச்சு, ஒரு எலுமிச்சை அளவு புளிக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. பித்தளை என்றால் புளி என்பது எங்கள் வீட்டில் இயற்பியல் விதி.

குழாயின் மேல் எங்கும் ஒரு எழுத்துகூட இல்லை. இதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம். வாங்கும்போது அழுக்கின் அடியில் பெயர் இருக்கும் என்று நம்பியிருந்தேன். இப்போது அழுக்கும் இல்லை, பெயரும் இல்லை. அம்மா தேய்த்ததில் போய்விட்டதா, ஆரம்பத்திலிருந்தே இல்லையா? பொறித்த எழுத்தை ஒருமுறை புளி போட்டு அழிக்க முடியாது, அதற்கு ஐம்பது கார்த்திகையாவது வேண்டும் என்பது தெரியும். ஆனாலும் ராத்திரி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, குழாயைச் சுற்றிச் சுற்றி, கிராமத்து மூலிகைக்காரர் நாடி பார்ப்பது போலப் பார்த்தேன். மேல்புறத்தில் குறுக்காக ஒரு சாம்பல் நிறக் கோடு தெரிந்தது, அவ்வளவுதான். ஏதோ கீறல் என்று விட்டுவிட்டேன்.

பெயர் என்றால் யார் பெயர்

வீட்டுக்கு வருகிற யாரும் அதைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "என்ன கம்பெனி?" என்றுதான். பெயர் இல்லை என்றால் முகம் மாறிவிடும். அலுவலக நண்பர் ஒருவர், "பேர் இல்லன்னா லோக்கல் மால்தான்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நானும் அதே கட்சிதான். எனக்கும் ஒரு பெயர்தான் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அடுத்த சில மாதங்கள் என்னை நானே நன்றாக ஏமாற்றிக்கொண்டேன்.

இத்தனைக்கும், 19ஆம் நூற்றாண்டு லென்ஸில் பெயர் இருந்தாலே பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது. பாரிஸ் பட்டறைகள் லென்ஸ்களை மொத்தமாகச் செய்து வெளியூர்க் கடைக்காரர்களுக்குக் கொடுத்தன. வாங்கிய கடைக்காரர் தன் பெயரைப் பொறித்துக்கொண்டார். சிலர் பொறிக்கக்கூட மெனக்கெடவில்லை. ஆக, குழாயின் மேல் இருக்கும் பெயர் செய்தவருடையதாக இருக்கலாம், விற்றவருடையதாகவும் இருக்கலாம்.

இன்னும் மேலே போனால், இந்த வகை லென்ஸின் மூலக்கதையே பெயர்த் தகராறுதான். 1839இல் டாகேரின் புகைப்பட முறை வெளியானபோது, கேமராவில் இருந்த லென்ஸ் வெளிச்சத்தை மிகக் குறைவாகவே உள்ளே விட்டது. ஒரு மனிதரை உட்காரவைத்துப் படமெடுப்பது தண்டனை மாதிரி. மறு வருடமே வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால், நான்கு கண்ணாடிகள் கொண்ட ஒரு லென்ஸைக் காகிதத்தில் கணக்குப் போட்டே வடிவமைத்தார். துளை அளவு எஃப் 3.6 (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்). முந்தைய லென்ஸைவிட ஏறக்குறைய 20 மடங்கு வெளிச்சம். முகம் எடுக்கும் தொழிலே அதற்கப்புறம்தான் பிழைத்தது. லென்ஸைச் செய்து விற்றவர் ஃபோக்ட்லெண்டர். பெட்ஸ்வாலுக்கு ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்ததோடு சரி. லென்ஸ் ஆயிரக்கணக்கில் விற்றது, இருவருக்கும் சண்டை முற்றியது, ஃபோக்ட்லெண்டர் வியன்னாவை விட்டு பிரவுன்ஷ்வைக் நகரத்துக்குப் பட்டறையை மாற்றிக்கொண்டு போனார். ஆஸ்திரியாவுக்கு வெளியே காப்புரிமை இல்லாததால் பாரிஸிலும் லண்டனிலும் ஆளாளுக்கு அதே லென்ஸைச் செய்தார்கள். அந்த நான்கு கண்ணாடிக் கணக்கு உலகம் முழுக்கச் சுற்றியது. குழாய்களின் மேல் பொறித்த பெயர்களில் பெட்ஸ்வால் பெயரைப் பார்ப்பதுதான் அபூர்வம்.

அகல் சுடரும் ஏழு புள்ளிகளும்

பெயர் இல்லாத லென்ஸை அடையாளம் காண, பித்தளையை விட்டுவிட்டுக் கண்ணாடியைத்தான் கேட்க வேண்டும். அதற்குப் பிரிக்கக்கூட வேண்டாம், ஒரு சுடர் போதும். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் சுடரின் பிம்பம் ஒன்றைத் திருப்பி அனுப்பும், அது பளிச்சென்று இருக்கும். இரண்டு கண்ணாடிகளைப் பிசின் வைத்து ஒட்டியிருந்தால் அந்த ஒட்டுப் பரப்பும் ஒரு பிம்பம் அனுப்பும், ஆனால் அது மங்கலாக, அணையப்போகும் ஊதுவத்தி நுனி மாதிரி இருக்கும். பளிச்சென்ற புள்ளி எத்தனை, மங்கல் எத்தனை என்று எண்ணினால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். பளிச் இரண்டும் மங்கல் ஒன்றும் இருந்தால் நிலக்காட்சிக்கான ஒற்றை லென்ஸ். பளிச் நான்கு, மங்கல் இரண்டு என்றால், 1866இல் லண்டனில் டால்மெயரும் ம்யூனிக்கில் ஸ்டைன்ஹைலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கொண்டுவந்த, முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கிற வகை. பளிச் ஆறும் மங்கல் ஒன்றும் வந்தால் பெட்ஸ்வால்.

கார்த்திகை அன்று மாடிப்படி முழுக்க அகல் விளக்கு. அக்கா மகன் ஒரு அகலைக் கையில் ஏந்தி என் தோளுக்குப் பக்கத்தில் நின்றான். முதலில் முன்பக்கக் கண்ணாடியை மட்டும் அதன் வளையத்தோடு திருகிக் கழற்றி வைத்துக்கொண்டோம். இரண்டு சுடர்கள் தெளிவாக நின்றன. மூன்றாவதைக் காணவில்லை. அவன்தான் கண்டுபிடித்தான்: "மாமா, உள்ள செவப்பா குட்டியா ஒண்ணு இருக்கு." அகலை மேலே தூக்கினால் சில சுடர்கள் கூடவே மேலே போயின, சில எதிர்த்திசையில் இறங்கின. குவிந்த பரப்பு எது, குழிந்த பரப்பு எது என்று அதிலேயே தெரிகிறது. அப்புறம் பின்பக்கம். அங்கே நான்கு சுடர்கள், நான்கும் பளிச். மொத்தம் ஆறும் ஒன்றும். நோட்டில் ஒவ்வொரு புள்ளியும் எங்கே நின்றது, எவ்வளவு பெரிதாக இருந்தது என்று படம் வரைந்து வைத்தேன். சும்மா ஒரு உற்சாகத்தில் வரைந்ததுதான். பின்னால் அந்தப் படம்தான் என் மானத்தை வாங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குவிய தூரம் அளந்தேன். திரிசூலம் மலை வெள்ளை அட்டையில் தலைகீழாக விழுந்து தெளியும்போது, பின்கண்ணாடியிலிருந்து அட்டை வரை 148 மில்லிமீட்டர். இதையே குவிய தூரம் என்று எழுதிவைப்பவர்கள் உண்டு, அது தப்பு. பெட்ஸ்வால் வகையில் கணக்குப்படியான மையம் கண்ணாடிகளுக்கு நடுவே எங்கோ இருக்கிறது. அதனால் அம்மாவின் தையல் டேப்பை வெயிலில் கட்டி, அதன் பிம்பம் அசலின் அளவுக்கே விழும்வரை லென்ஸை நகர்த்தினேன். இப்போது 358. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 210 மில்லிமீட்டர், அதுதான் உண்மையான குவிய தூரம். மையம் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே கணக்கு சரியாக வந்துவிடும். இந்தச் சின்னத் தந்திரம் எனக்கு இன்றுவரை சந்தோஷம் தருகிறது. முன்கண்ணாடியின் விட்டம் 58. வகுத்தால் எஃப் 3.6. வியன்னாப் பேராசிரியரின் எண் என் மொட்டை மாடியில் அச்சாக வந்து நின்றது.

இல்லாத வாய்

இதோடு நிறுத்தியிருக்கலாம். நான்கு கண்ணாடி, 210 மில்லிமீட்டர், முகம் எடுக்கும் லென்ஸ். ஆனால் பெயர் வேண்டும், பெயர் இல்லாவிட்டால் ஆண்டாவது வேண்டும்.

ஆண்டு கண்டுபிடிக்க எல்லோரும் முதலில் பார்ப்பது குழாயின் நடுவே இருக்கும் ஒரு பிளவை. உண்டியல் வாய் மாதிரி இருக்கும். 1858இல் ஜான் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கிலேயர் சொன்ன ஏற்பாடு அது. வெவ்வேறு அளவில் துளை போட்ட தகடுகளை அந்த வாய் வழியே செருகி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் துளை வளையத்தை லென்ஸின் முன்னால் வைப்பார்கள். பிற்பாடு, 1880களிலிருந்து, இதழ் இதழாகச் சுருங்கி விரியும் ஐரிஸ் பரவலாயிற்று. என் லென்ஸில் வாயும் இல்லை, ஐரிஸும் இல்லை. அப்படியென்றால் 1858க்கு முந்தியது! அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

தூக்கம் வராதபோது சரித்திரம் படிப்பது ஆபத்தான பழக்கம். 1856இல் சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்குகிறது. அதே வருடம் லின்னேயஸ் ட்ரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகிறார். 1858இல் மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றியவர், பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளச் சுருளாக ஒட்டியிருக்கிறார். அதிகாலை மூன்று மணிக்கு, என் மேசை மேல் இருக்கும் லென்ஸ்தான் அந்தக் கல்வெட்டுகளைப் பார்த்த லென்ஸ் என்று முடிவாகிவிட்டது. காலையில் காபி குடிக்கும்போது கனவு கலைந்தது. பெட்ஸ்வால் லென்ஸின் கூர்மை நடுவில்தான். அதன் குவியம் தட்டையாக விழாமல் கிண்ணம் மாதிரி வளைந்து விழும்; முகம் கூர்மையாக இருக்கும், ஓரத்தில் இருக்கும் இலைகள் சுழலும். கோயில் எடுக்கக் கிளம்புகிறவர் அதைக் கட்டிக்கொண்டு போகமாட்டார். ட்ரைப்பின் படங்களில் ஓரம் வரைக்கும் கல் கல்லாக எண்ணலாம்.

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்றும் இருந்தது. வாய் இல்லாத பெட்ஸ்வால் லென்ஸ் பெரும்பாலும் கேமரா லென்ஸே இல்லை. மேஜிக் லாந்தர் என்ற, கண்ணாடிச் சில்லுப் படங்களைச் சுவரில் காட்டும் விளக்கில் இருந்தது அது. அதே நான்கு கண்ணாடி, அதே திருகு, அதே பித்தளை. வெளிச்சத்தைக் குறைக்கும் தேவை அங்கே இல்லாததால் வாயும் இருக்காது. சந்தைக்கு வரும் பெயரில்லாத பித்தளை லென்ஸ்களில் இது நிறைய. இந்தச் சாத்தியத்தை நான் படித்தேன், புரிந்துகொண்டேன், பிடிக்கவில்லை என்பதால் ஓரமாக வைத்துவிட்டேன்.

இதற்கிடையில் அம்மாவின் புளித்தண்ணீர் வேலையைக் காட்டியது. உள்ளே போயிருந்த ஈரத்தில் பின்கண்ணாடிகளுக்கு நடுவே பூஞ்சை படர்ந்தது. பிரித்து, துடைத்து, திரும்பப் பூட்டினேன். பின்பக்கம் இரண்டு கண்ணாடிகள், நடுவே ஒரு மெல்லிய பித்தளை வளையம், அவ்வளவுதான், குழந்தைகூடச் செய்யும் என்று நினைத்தேன். பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்து, அதில் லென்ஸைத் துணி சுற்றிச் செருகி, கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தாளை வைத்து முதல் படம் எடுத்தேன். குளியலறையில் சிவப்பு விளக்கில் படம் மிதந்து வந்தது. எங்கும் கூர்மை இல்லை. எல்லாவற்றையும் ஒரு பனிப்படலம் போர்த்தியிருந்தது. எனக்கு அது அபூர்வ அழகாகத் தெரிந்தது. பழைய முக லென்ஸ்களில் வேண்டுமென்றே மென்மை தரும் வகை ஒன்று உண்டு. 1866இல் டால்மெயர் காப்புரிமை பெற்றது. அதில் பின்பக்க இரண்டு கண்ணாடிகளின் வரிசையை அவர் மாற்றியிருந்தார், தடித்த குவிகண்ணாடி உள்ளே, குழிகண்ணாடி வெளியே. என் லென்ஸைத் திருப்பிப் பார்த்தேன். குவி உள்ளே, குழி வெளியே! கோயம்புத்தூர் நண்பரைக் கூப்பிட்டு, "டால்மெயர் கிடைச்சிருக்கு" என்றேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "டால்மெயர் பேரும் நம்பரும் போடாம விப்பாரா?" பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அதே லென்ஸ் 1858க்கு முந்தியது என்று போன மாதம்தான் நான் அவரிடம் சொல்லியிருந்தேன். இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது என்பது எனக்கு உறைக்கவில்லை. மரியாதைக்கு அவர் சொல்லவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு அக்கா மகன் வந்தான். மறுபடி சுடர் எண்ணலாம் என்றான். அகல் இல்லை, மெழுகுவத்தி ஏற்றினோம். ஆறும் ஒன்றும் சரியாக இருந்தன. அவன் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "மாமா, பின்னாடி இருக்கற நாலும் நீங்க வரைஞ்ச மாதிரி இல்லையே" என்றான். கார்த்திகை அன்று பெரிதாக இருந்த சுடர் இப்போது சிறிதாக இருந்தது, வரிசையும் வேறு. லென்ஸ் அதேதான். நடுவில் அதற்குள் கை வைத்தவன் நான் ஒருவன்தான்.

திரும்பப் பிரித்தேன். இந்தமுறை கண்ணாடியின் முகத்தைப் பார்க்காமல், கெட்டியான ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தேய்த்துவிட்ட ஓரம் சொரசொரப்பாக, சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். அதில் பென்சிலில் ஒரு அம்புக்குறி. இரண்டு கோடு, ஒரு முனை, அவ்வளவுதான். இன்னொரு கண்ணாடியிலும் அதே மாதிரி. கண்ணாடியை எந்த முகம் முன்னே பார்க்கப் பூட்டுவது என்று பட்டறை ஆள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட குறி. நான் மொத்த அடுக்கையும் தலைகீழாகப் பூட்டியிருக்கிறேன். என் டால்மெயர், என் கைப்பிழை. பனிப்படலமும் என் கைப்பிழை. அம்பின்படி பூட்டி எடுத்த அடுத்த படத்தில், எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகள் நடுவில் ஊசி மாதிரி நின்றன, ஓரத்தில் வேப்பிலைகள் சுழன்றன. பெட்ஸ்வால் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பென்சில் குறிகளைப் பற்றி அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். பாரிஸ் பட்டறைகளில் இது வழக்கம். ஜாமென் என்ற பட்டறைக்காரரும், அவருக்குப் பின் அந்தப் பட்டறையை நடத்திய டார்லோவும் கண்ணாடி ஓரத்தில் பென்சிலால் கையெழுத்தே போட்டிருக்கிறார்கள். பித்தளை மேல் வேறு கடைக்காரர் பெயர் இருக்கும். உள்ளே, யாரும் பார்க்காத ஓரத்தில் செய்தவர் பெயர் இருக்கும். என் கண்ணாடிகளில் அம்புகளும், 2 என்றோ 7 என்றோ படிக்கக்கூடிய ஒரு எண்ணும் மட்டுமே. கையெழுத்து இல்லை. அல்லது நான் முதல்முறை துடைத்தபோது இருந்து, போயிருக்கலாம். புளிக்காக அம்மாவைக் கோபித்துக்கொண்டவன், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து ஓரம் முழுக்கத் துடைத்திருக்கிறேன்.

லேத் பட்டறையில்

லென்ஸைத் துணி சுற்றிச் செருகுவது எத்தனை நாளைக்கு? பெட்டியில் ஒழுங்காகப் பூட்ட ஒரு புரி வளையம் கடைய வேண்டும் என்று குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அந்த அண்ணன் எதையும் கேட்கவில்லை. என்ன கம்பெனி என்றுகூட. லென்ஸை வாங்கி, வேட்டித் தலைப்பால் ஒருமுறை துடைத்து, புரி அளக்கும் சீப்பை எடுத்து ஒவ்வொரு பல்லாகப் பொருத்திப் பார்த்தார். பாதி டப்பா பல் முடிந்ததும், "மில்லியும் இல்ல தம்பி, இன்ச்சும் இல்ல. கைக்கு வந்தபடி வெட்டுன புரி" என்றார். 1880களில் பிரிட்டன் புகைப்படச் சங்கம் வளையப் புரிகளுக்குத் தர அளவு கொண்டுவரும் வரை பல பட்டறைகளில் கதை அதுதான். ஒவ்வொரு லென்ஸுக்கும் அதனோடு வந்த வளையம் மட்டுமே சேரும். என்னுடையதைத் தனியாகக் கடைந்துதான் தீர வேண்டும்.

அப்புறம் அவர் கட்டைவிரல் நகத்தைக் குழாயின் மேல்புறத்தில் வைத்து இழுத்தார். நான் கீறல் என்று நினைத்த அந்தச் சாம்பல் கோடு. ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம். "கீறலா இருந்தா நகம் மாட்டும். இது மாட்டல. ஈயப்பத்து." லென்ஸின் முன்பக்கத்தைக் கழற்றச் சொல்லி, உள்ளே டார்ச் அடித்தார். கறுப்புப் பூச்சின் அடியில், நீள்சதுரமாக ஒரு துண்டுப் பித்தளை ஒட்டுப் போட்டிருந்தது. வெளியே அரத்தால் இழைத்து, குழாயின் வளைவோடு வளைவாக ஆக்கியிருக்கிறார்கள். "இந்தத் துண்டு வேற பித்தளை, பாருங்க, கொஞ்சம் செம்பு தூக்கலா இருக்கு. அழுக்கோட இருந்தா கண்டுபுடிக்கவே முடியாது. யாரோ நல்லாத் தேச்சிருக்காங்க, அதான் காட்டிக்குடுத்துடுச்சு."

நான் அங்கே இருந்த எண்ணெய் டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். உண்டியல் வாய். அது இல்லை என்று வைத்துத்தான் 1858க்கு முந்தியது என்று கொண்டாடினேன். அது இல்லை என்பதால்தான் மேஜிக் லாந்தர் என்று பயந்தேன். வாய் இருந்திருக்கிறது. யாரோ அடைத்திருக்கிறார்கள்.

ஏன் அடைக்க வேண்டும் என்பதற்கு விடை, எடுத்த படங்களிலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. துளைத்தகடுகள் முதலில் தொலைந்து போகும்; இந்த வகை லென்ஸ் பெரும்பாலும் தகடு இல்லாமல்தான் கைக்கு வருகிறது. தகடு இல்லாத வாய் வழியே வெளிச்சம் கசியும், படம் வெளிறும். இன்று இதை வைத்திருப்பவர்கள் அந்த இடத்தில் ரப்பர் பேண்ட் சுற்றிவிடுகிறார்கள். ஸ்டூடியோவில் நாள் முழுக்க முழுத் துளையிலேயே முகம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், தெருக்கோடியில் இருந்த பாத்திரம் பற்றவைக்கும் ஆளிடம் கொடுத்து, "இதை ஒரேயடியா அடைச்சுக் குடுங்க" என்று சொல்லியிருக்கலாம். இது நம்ம ஊர்க் கை என்பது லேத் அண்ணனின் கட்சி. வெளிநாட்டில் என்றால் கடினப் பற்று வைத்திருப்பார்கள், இவ்வளவு ஈயம் போட மாட்டார்கள் என்றார். அவர் சொன்னது சரியா என்று சோதிக்க என்னிடம் வழி இல்லை, ஆனால் நம்பிவிட்டேன். ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனாரே, அந்த மாதிரி யாரோ புரொஜெக்டரில் பொருத்துவதற்காக அடைத்திருந்தால், என்று அடுத்த கனவு வாசலில் வந்து நின்றது. கதவைச் சாத்திவிட்டேன்.

"ரெண்டு நிமிஷ வேலை. சூடு காட்டுனா கழண்டு வந்துடும். எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். எடுத்தால் லென்ஸ் பழையபடி ஆகும், தகடு செய்து போட்டுக்கொள்ளலாம், விற்றால் விலையும் கூடும். பற்றவைத்த அந்த ஆளின் அரத் தடங்கள் டார்ச் வெளிச்சத்தில் சாய்வாக, ஒரே திசையில் தெரிந்தன. வேண்டாம் என்றேன். வளையத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். டீயும் அவர் செலவு.

போன மாதம் அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். மூடியைத் திறந்து, இரண்டு எண்ணி, மூடினேன். அந்தத் தாளுக்கு நீலம்தான் கண்ணுக்குத் தெரியும், சிவப்பு தெரியாது. அதனால் அரக்கு நிறப் புடவையும் நெற்றிக் குங்குமமும் கன்னங்கரேலென்று விழுந்தன. கண்ணிமை ஒவ்வொன்றாகத் தெரிகிறது, காது ஏற்கெனவே மங்கல். "குங்குமம் வெச்ச மாதிரியே இல்லையேடா, மை வெச்ச மாதிரி இருக்கு" என்றார். அன்று சாயங்காலம் லென்ஸின் கீழே ஒட்டியிருந்த பழைய சீட்டைக் கிழித்தேன். அதில் முதலில் '1858க்கு முன்' என்றும், அதை அடித்து 'டால்மெயர்' என்றும், அதையும் அடித்து 'டார்லோ?' என்றும் எழுதியிருந்தது. புதுச் சீட்டு எழுதினேன்: நான்கு கண்ணாடி. 210 மி.மீ. எஃப் 3.6. வாய் அடைத்தது. அம்பு முன்னே பார்க்கும். புளி போடக் கூடாது.

கடைசி வரியை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "போட்டதுனாலதானே தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, காமாட்சி விளக்கை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்.